சித்திரை வெயிலைத் தாமதிக்க வைக்கும் சுவர்

செட்டிநாட்டில் மானகிரி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கதை தவறாமல் சொல்லப்படும்: சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியதால்தான் வீடு கோடையிலும் குளுகுளுவென்று இருக்கிறதாம். பூச்சு உண்மை. மணலும் சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பல பூச்சுகள் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் நைசாக அரைத்த சுண்ணாம்போடு வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும், சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. ஆனால் குளிர்ச்சிக்கான பெருமை முழுவதையும் முட்டைக்குக் கொடுப்பது மிகை. வேலையைச் செய்வது பூச்சுக்குப் பின்னால் இருக்கும் செங்கல்.

ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுமானம் ஏறக்குறைய 1,800 கிலோ எடை இருக்கும். அதன் வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி உயர, சுமார் 0.4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். பெரிய கூடம் ஒன்றின் சுவர்களில் இப்படி 20 கன மீட்டர் இருந்தால், அத்தனையும் ஒரு டிகிரி ஏற 8 யூனிட். வெயிலுக்கு அவ்வளவு சுலபத்தில் அசைந்து கொடுக்காத சுவர் இது. அசைந்தாலும் தாமதமாகத்தான் அசையும். ஒன்பது அங்குலச் சுவரின் வெளிப்புறத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு விழும் சூடு உட்புறத்துக்கு வந்து சேர ஆறேழு மணி நேரமாவது ஆகும். வரும்போது அதன் வேகமும் வெகுவாகக் குறைந்திருக்கும். சுவர் இன்னும் தடிமனாக இருந்தால் தாமதமும் கூடும்.

அப்படியானால் இரவு ஒன்பது, பத்து மணிக்கு அந்தச் சூடு உள்ளே வந்துதானே ஆகவேண்டும்?

வரத்தான் செய்யும். செட்டிநாட்டு வீட்டின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றிய தாழ்வாரம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று வீடு நீளும். முகப்பு வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் சூடான காற்று வளவு வழியாக மேலே ஏற, குளிர்ந்த காற்று வாசல்கள் வழியாக உள்ளே வரும். பகலெல்லாம் சுவர் குடித்த சூட்டை இரவுக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். விடியும்போது சுவர் மறுபடி ஆறியிருக்கும். பகலில் வளவுச் சுவர் மீது நேர்வெயில் படாதபடி தாழ்வார ஓடு தாழ இறங்கி மறைக்கும். கடலோரப் புழுக்கம் இல்லாத இந்த உள்நாட்டுச் சீமையில், இரவுச் சூடு ஓரளவு இறங்குவதால் இந்த ஏற்பாடு பலிக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. மாளிகைகளின் பர்மா தேக்கைப் புகழும் அளவுக்கு இந்தக் காற்றோட்டத்தை யாரும் புகழ்வதில்லை.

இன்றைய வீட்டிலும் செங்கல் இருக்கிறது. ஆனால் மேற்குச் சுவருக்கு நிழல் இல்லை, கொசுவுக்குப் பயந்து சன்னலை ஆறு மணிக்கே சாத்திவிடுகிறோம், மேலே மொட்டை கான்கிரீட் தளம். "ராத்திரி பத்து மணிக்குச் சுவர் அனல் கக்குது" என்ற புலம்பல் அதனால்தான். அதே தாமதம் இங்கே எதிரியாகிறது. படுக்கப்போகும் நேரத்தில் வந்து சேர்ந்த சூட்டோடு ஏசி மல்லுக்கட்டுகிறது. மின்கட்டணம் ஏறுகிறது.

கருங்கல்லை நம்புகிறவர்களும் உண்டு. தொட்டால் சில்லென்றிருக்கும், உண்மைதான். ஆனால் கருங்கல் செங்கல்லைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். தூணுக்கும் அடித்தளத்துக்கும் பொருத்தம். வெயில் படும் மெல்லிய சுவருக்குப் பொருந்தாது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வீடுகளுக்கென்று 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதிமுறையை வெளியிட்டது. சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது அது. கூரைக்குத் தனி வரம்பு வைத்திருப்பது நியாயமே. நடுப்பகல் வெயிலை நேராக வாங்குவது கூரைதான். பழைய மெட்ராஸ் தளத்தில் தேக்குக் கட்டைகள் மீது செங்கல்லை நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, தட்டோடு பதித்தார்கள். கான்கிரீட் தளத்துக்கு மேலே தட்டோடு பதித்து வெள்ளையடித்தாலே வித்தியாசம் தெரியும்.

சுவருக்கு லாரி பேக்கர் ஒரு வழி காட்டினார். 1945இல் இந்தியா வந்து கேரளத்தில் வேரூன்றிய கட்டடக் கலைஞர் அவர். செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அங்கே அவர் பரவலாக்கினார். ஒன்பது அங்குலச் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகி, அதில் நிற்கும் காற்றே சூட்டைத் தடுக்கும். செங்கல்லில் கால்வாசி மிச்சம், கலவையும் குறையும். ஆனால் இதற்குக் கை பழகிய கொத்தனார் வேண்டும். குழிக்குள் கலவையைக் கொட்டி நிரப்பிவிட்டால் எல்லாம் வீண்.

செங்கல்லைச் சுடவும் எரிபொருள் வேண்டுமே? வேண்டும். அந்தக் கணக்கில் பழைய சுண்ணாம்புக் கட்டுக்கு ஒரு தனி லாபம் உண்டு. சுண்ணாம்புக் கலவையைத் தட்டினால் உதிர்ந்துவிடும். செங்கல் முழுசாகக் கையில் வந்து இன்னொரு சுவருக்குப் போகும். சிமெண்டில் கட்டியதைப் பெயர்த்தால் கலவையோடு செங்கல்லும் சேர்ந்து உடையும். அது ஜல்லிக்குத்தான் ஆகும்.