இளைஞரும் இன்சொல்லும்



'இக்காலத்து இளைஞர் மரியாதை அறியாதவர்' என்று முதியோர் குறைகூறுவது எக்காலத்தும் உள்ளதே. ஆயினும் இன்று ஒரு வேறுபாடு உண்டு. முன்பு தெருமுனையில் நால்வர் கேட்டு மறந்த இழிசொல், இன்று கைப்பேசி வழியே சில நிமிடங்களில் இரு மாநிலங்களுக்கும் எட்டிவிடுகிறது.

2016 செப்டம்பர் 5ஆம் நாள், தமிழ்நாட்டிற்குக் காவிரி நீரை வினாடிக்கு 15,000 கனஅடி வீதம் விடுமாறு உச்ச நீதிமன்றம் கருநாடகத்திற்கு ஆணையிட்டது. அந்நாட்களில், கன்னடத் திரைக் கலைஞரை எள்ளி எழுதிய தமிழ் இளைஞர் ஒருவரைப் பெங்களூரில் ஒரு கும்பல் அடித்தது. இராமேசுவரத்திலோ, கருநாடகத்திலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர் தாக்கப்பட்டார். இரு காட்சிகளும் படமாகப் பரவின. செப்டம்பர் 12ஆம் நாள் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் பல தீக்கிரையாயின, ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டது.

காவிரி வழக்கை அவ்விளைஞரோ, அவ்வோட்டுநரோ தொடுத்தவர் அல்லர். பிறகு ஏன் அடிபட்டனர்? வெறுப்பு ஒரு மனிதனை மனிதனாகக் காண்பதில்லை. அவனை ஓர் இனத்தின் அடையாளமாகவே காண்கிறது. கேலி அதன் முதற்படி. ஒருவரின் பேச்சையும் நிறத்தையும் முகத்தையும் நாள்தோறும் நகையாடிப் பழகியவனுக்கு, கலக நாளில் கை ஓங்குவது அரிதாகத் தோன்றுவதில்லை.

இத்தீங்கு நம்மை மட்டும் சார்ந்ததன்று. 2012 ஆகஸ்டில், வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தார் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு வெளியேறினர். அவர்களுக்கெனக் குவாஹாத்திக்குத் தனி இரயில்கள் விடப்பட்டன. தமிழ்நாட்டிலும் வடமாநிலத் தொழிலாளரை இழித்துப் பேசும் இளைஞர் உளர். அயலூரில் நாம் எதிர்பார்க்கும் மதிப்பை நம் ஊருக்கு வந்தோர்க்கு மறுத்தல் முறையாகுமா?

நம் இல்லத்திலேயே செய்யத்தக்கன சில உண்டு. தெருவில் கன்னடம் கற்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் 'நீனு', 'பா' என்னும் ஒருமைச் சொற்களையே முதலில் கற்கின்றனர். 'நீவு', 'பன்னி' என்னும் மரியாதைச் சொற்களைப் பெற்றோர் கற்பித்தல் வேண்டும். 'நீங்கள்', 'வாருங்கள்' என்பவற்றுக்கு ஈடானவை அவை. கன்னடத்தை எழுதவும் படிக்கவும் கற்பித்தல் இன்னும் நன்று. இழிசொல் கேட்டால் இழிசொல்லால் விடையிறுக்க வேண்டா. அதைப் பிறர்க்கு அனுப்பவும் வேண்டா. மிரட்டலோ தாக்குதலோ நேரின் காவல் நிலையத்தை நாடுக. மொழியையோ பிறப்பிடத்தையோ காட்டிப் பகை மூட்டுவோர்க்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 196ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை வகுத்துள்ளது. அச்சட்டம் நம் பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும் என்பதை மறவற்க.

அல்சூரில் 1991 முதல் மூடப்பட்டிருந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுப் பிணக்கு இருதரப்பு மதிப்பினால் தீர்ந்தது. இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த புலவரின் சிலை நிற்கும் ஊரில், அவர் மொழி பேசும் இளைஞர் இன்சொல்லராய் விளங்குதல் கடமையன்றோ?