கூரைக்கு வெளியே – 11: மூட்டைக்குக் காவல்

டெல்லியில் வீடற்றவர்களைப் பற்றிய பேச்சு டிசம்பரில் தொடங்கும், பிப்ரவரியில் ஓய்ந்துவிடும். 2009 டிசம்பரில் பூசா சாலையில் இருந்த இரவுத் தங்குமிடத்தை மாநகராட்சி இடித்ததும், அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தலையிட்டதும் குளிரால்தான் செய்தியாயின. நமக்கு அந்தக் குளிர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் நம் குளிர்காலம். கடலூர் மாவட்டத்தில் அது மார்கழிக்கும் நீளும். 'தானே' புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30-ல். மழை வலுத்தால் விருத்தாசலத்தில் வீடில்லாதவர் ஒதுங்குவதற்கு இருப்பவை சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என நாலு திக்கும் பிரியும் ரயில் சந்திப்பும் பழமலைநாதர் கோயிலைச் சுற்றியுள்ள கடை வாசல்களும்தான். இது விருத்தகாசி, இங்கே உயிர் விட்டால் முக்தி என்பது நம்பிக்கை. உயிரோடு இருக்கும்வரை எங்கே படுப்பது என்பதைத் தலபுராணம் சொல்லவில்லை.

காப்பகங்களில் உதவப் போகிறவர்கள் பலரும் ஒரே வியப்போடு திரும்புகிறார்கள்: ஒன்றுமே இல்லாதவர், கிடைத்த பொட்டலத்தில் பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறாரே! இந்த வியப்பைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். 'இல்லாதவனுக்குத்தான் ஈர நெஞ்சு' என்ற முடிவுக்கு அது சுலபமாகத் தாவிவிடுகிறது. 2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக உளவியலாளர்கள் அப்படித்தான் கண்டார்கள்: வசதி குறைந்தவர்கள் அதிகம் பகிர்ந்தார்கள். 2015-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பல நாடுகளின் பெரிய தரவுகளை எடுத்துப் பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. ஆக, வறுமை மனிதரை நல்லவராக்கும் என்று ஆராய்ச்சியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அப்படிச் சொல்வது வறுமைக்குச் சான்றிதழ் கொடுப்பதும்கூட.

பிறகு அந்தப் பகிர்வு எங்கிருந்து வருகிறது? மூட்டையிலிருந்து என்பேன். வீடற்றவரின் மூட்டையில் ஒரு மாற்றுத் துணி, ஆதார் அட்டை, மருந்துச் சீட்டு, போர்வை இருக்கும். அது போனால் மறுபடி எதையும் நிரூபிக்க முடியாது. கழிப்பறைக்குப் போக வேண்டும், அன்னதான வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிக்கொண்டே அலைய முடியுமா? யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வாஷிங்டன் வட்டாரத்துக் காப்பகங்களில் தன்னார்வலராக இருந்த எலியட் லீபோ என்ற மானிடவியலாளர், அங்கே தங்கிய பெண்களைப் பற்றி 1993-ல் வெளியிட்ட நூலில் உடைமைகளை எங்கே வைப்பது என்ற தொல்லைக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். அவர்களுக்குள் சண்டையும் பொறாமையும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. திருட்டும் குடியும் நம் நடைமேடைகளிலும் இல்லாமல் இல்லை. ஆனால் திருட்டு நடக்கிற இடத்தில்தானே காவலுக்கு மதிப்பு?

அப்படியானால் இது வெறும் கொடுக்கல் வாங்கல்தானே, அன்பு என்று ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று மூட்டையைக் காத்தவர் நாளை எந்த ஊரில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வருமா என்று தெரியாமல் கொடுப்பதை வியாபாரத்தில் சேர்க்க முடியாது. கொரோனா முடக்கக் காலத்தில் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு முதிய யாசகர், மதுரையில் கையேந்திச் சேர்த்த பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாக ஆட்சியர் அலுவலகத்தில் நிவாரண நிதிக்குக் கட்டினார். 2020 ஆகஸ்டுக்குள் அது 90,000 ரூபாயானது. ஒருவரை வைத்து எல்லோரையும் எடைபோடக் கூடாதுதான். ஆனாலும் கொடுக்கல் வாங்கல் என்ற விளக்கம் அவரிடம் செல்லாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இவர்களின் பரிவைப் புகழப் புகழ அரசுக்குப் பொறுப்பு குறைந்துவிடும் என்பது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்தப் பரிவை மதித்தால் அரசுக்கு வேலை கூடும். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் வகுத்த கணக்கு இது: நகர மக்களில் லட்சம் பேருக்குக் குறைந்தது நூறு பேர் தங்கக் காப்பக வசதி, ஆளுக்கு 50 சதுர அடி. 2011 கணக்கெடுப்பில் லட்சத்தைத் தொடாத விருத்தாசலம் போன்ற ஊர்கள் இந்தக் கணக்கின் ஓரத்தில்தான் நிற்கும். அது போகட்டும், யார் பக்கத்தில் யார் படுப்பது என்பதற்கு அளவுகோலே இல்லை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்பது பாதுகாப்புக்கு அவசியம். ஆனால் நடைமேடையில் ஒரு மூதாட்டிக்கு நாலு வருடமாகத் துணையிருக்கும் உறவில்லாத கிழவரை எந்தக் காப்பகத்தில் சேர்ப்பார்கள்? இருவரையும் பிரித்தால் அவர்கள் நடைமேடைக்கே திரும்பிவிடுவார்கள். அதற்கு நாம் 'வரமாட்டேன் என்கிறார்கள்' என்று குறிப்பெழுதுவோம். ஒன்றாக வருகிறவர்களை ஒரே வளாகத்தில் வைக்கலாம். மூட்டைக்குப் பூட்டுள்ள பெட்டி தரலாம். திருவிழாவுக்கு முன் 'சுத்தம் செய்கிறோம்' என்று ஆளுக்கொரு திசையில் இறக்கிவிடுவதை முதலில் நிறுத்தலாம். அதற்குக் கைகொடுக்கும் 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)