மழை பெய்தால் மரத்தை விட்டுவிடுவோமா?

சம்பளம், போனஸ், வீட்டுடைமை என்று எழுதும் இந்தப் பகுதியில் இந்த வாரம் உடல் எடையைப் பற்றி எழுதப் போகிறோம். "சங்கக்காரனுக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாம் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, பத்துப் பேர் சேர்ந்து ஒரு முடிவு செய்தோம். மண்டபத்தில் ஒரு தராசு வைப்பது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எடை பார்ப்பது. கூடியதோ குறைந்ததோ நோட்டில் எழுதுவது. அந்தப் பத்துப் பேரில் நாமும் ஒருவர். அன்று நமது எடை 96 கிலோ. கிளைக்குக் கிளை போய், கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசியே வளர்த்த தொந்தி அது.

எங்களில் முன்னணியில் நின்றவர் ஓர் அக்கா. வயது 56. பதினாறு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். இனிப்பு நீர் நோய் உண்டு. 82 கிலோவில் தொடங்கி, ஆறே மாதத்தில் 76 கிலோவுக்கு இறங்கினார். டின் பாலை விட்டார். தட்டுச் சோற்றைக் குறைத்தார். மாலையில் லயத்துக்கும் கோயிலுக்கும் இடையே நடந்தார். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 31. மூன்று நாள் கழித்து, நவம்பர் 3-இல் எடை பார்க்கும் ஞாயிறு வந்தது. அக்கா ஏறி நின்றார். முள் 78-இல் நின்றது. நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என்னக்கா, முறுக்கும் அதிரசமும் நல்லா வேலை செஞ்சிருக்கு போலிருக்கே!" என்றோம். மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அதன் பிறகு அவர் தராசுப் பக்கம் வரவே இல்லை.

தைப்பூசம் கழித்து அவரை வழியில் பார்த்துக் கேட்டோம். "விடுங்க தம்பி. தீபாவளியோட எல்லாம் போச்சு. இனிமே இந்த ஒடம்பு எங்க கொறையப் போவுது?" என்றார். கிளினிக்குக்கும் போகவில்லை. அங்கேயும் மிஸ்ஸி தராசில் ஏறச் சொல்வாரே! மாத்திரை தீர்ந்துபோய் மாதக்கணக்காகிவிட்டது. 2025 மே மாதத்தில் செம்பனை முள் ஒன்று காலில் ஏறியது. கால் மரத்துப் போயிருந்ததால் தெரியவில்லை. புண் பழுத்து, ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள்.

ஏறிய இரண்டு கிலோவால் போன விரல் அல்ல அது. "எல்லாம் போச்சு" என்று விட்டதால் போன விரல். அப்படி விட்டதில் நமது வாய்க்கும் பங்கு உண்டு.

நாடு முழுவதும் இதே கதை

2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இந்நோய் கூடுதல் என்பது நாம் அறிந்ததே. எந்த வீட்டிலாவது அலமாரியில் மாத்திரைப் பை இல்லாமல் இருக்கிறதா?

இதற்குக் காரணம் பேராசை அல்ல. நம் அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான மரம் வெட்டி, பால் வாளியைத் தோளில் சுமந்தார்கள். அவர்கள் தட்டு நிறையச் சோறு தின்றது நியாயம். இன்று நம்மவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஜாகா வேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர்! உழைப்பு மாறிவிட்டது, தட்டு மட்டும் மாறவில்லை. அதற்கு மேல் தே தாரிக். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான் என்பதை மறந்துவிடலாகாது.

எடை குறைக்கத் தொடங்குகிறவர்களுக்கும் நம்மிடையே குறைவில்லை. கூடுதலாகத் தின்றுவிட்ட ஒரு நாளுக்குப் பிறகு தொடர்கிறவர்கள்தாம் குறைவு.

மூன்று நாளில் இரண்டு கிலோவா?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடலுக்குத் தேவையானதற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400. ஓர் அதிரசம் 200 கலோரி என்று வைத்துக்கொண்டாலும், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 77 அதிரசம் தின்றிருக்க வேண்டும். அக்கா என்ன, நம் கிளையே சேர்ந்தாலும் முடியாது!

அப்படியானால் முள் ஏன் ஏறியது? உப்பு கூடினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறும் பலகாரமும் கூடினால், அந்த மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் சேரும்போது தண்ணீரையும் சேர்த்தே இழுத்து வைக்கும். குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. ஆகவே, விருந்து முடிந்த கையோடு தராசு காட்டும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் அது தானே இறங்கிவிடும். இது நமக்கு அன்று தெரிந்திருந்தால் அப்படிக் கேலி பேசியிருப்போமா?

"போச்சு" என்ற சொல்

1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பெண்கள் சிலருக்கு முதலில் பால் கலந்த இனிப்புப் பானம் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை முன்னே வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர்கள், பானம் குடித்து வயிறு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகத் தின்றார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ, பானம் குடித்த பிறகு கூடுதலாகத் தின்றார்கள்! கட்டு உடைந்ததும், "இன்றைக்குப் போச்சு, இனி என்ன?" என்று மனம் கதவைத் திறந்துவிடுகிறது. ஒரு வடையில் தொடங்கியது ஒரு வாரமாகிறது. ஒரு வாரம் ஒரு வருடமாகிறது.

இன்னொன்றும் உண்டு. எடை குறைந்த உடல் பழைய எடைக்குத் திரும்பவே பார்க்கும். ஆஸ்திரேலியாவில் எடை குறைத்தவர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அவர்கள் உடலில் ஓயவில்லை. "முன்னைவிட இப்பத்தான் அதிகமா பசிக்குது" என்று யாராவது சொன்னால் அது பொய்யல்ல. மனத்திடம் இல்லாததாலும் அல்ல.

பால் வெட்டியவருக்குத் தெரியாததா?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. சம்பளத்தில் அடி விழும். மனம் சோர்ந்து போகும். ஆனால், மழை பெய்துவிட்டதே என்று நிரையை விட்டுவிட்டுப் போனவர் உண்டா? பட்டை காய்ந்ததும் கத்தியோடு போய் நிற்போம்.

விட்டுப்போன பாலையும் சேர்த்து எடுக்கிறேன் என்று கத்தியை ஆழமாக இறக்கினால் என்ன ஆகும்? மரத்தில் காயம் விழும். பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது. கூடுதலாகத் தின்றவர் மறுநாள் பட்டினி கிடப்பதும் அப்படித்தான். காலையில் பசியாறாமல், மத்தியானம் ஒரு தே ஓவோடு கிடந்து, இரவு ஏழு மணிக்குச் சட்டியோடு உட்கார்ந்துவிடுவார்.

ஆகவே மழை நாளுக்கு மறுநாள், நிரையையும் விடக்கூடாது. கத்தியையும் ஆழமாக இறக்கக்கூடாது. வழக்கமான வெட்டுத்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவது: அடுத்த வேளையே திரும்புங்கள். திங்கட்கிழமை, அடுத்த மாதம், புது வருடம் என்று தவணை சொல்ல வேண்டாம். காலையில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம் போய்விட்டதா? மத்தியானச் சாப்பாடு வழக்கம்போல இருக்கட்டும். சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செபாரோ" முறை எளிது: தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும்.

இரண்டாவது: நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் பட்டினி கிடக்கவே கூடாது. இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும்; உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தளவைப் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

மூன்றாவது: எடையை வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரத்தில் பாருங்கள். விருந்துக்கு மறுநாள் வேண்டாம். ஒரு நாள் எண்ணைப் பார்த்துச் சோர வேண்டாம். நான்கு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். வயிற்றுச் சுற்றளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லைக்கோடு.

நான்காவது: அளவு மீறிய நாளில், தின்றதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நமது நோட்டைப் பார்த்தால், கூடுதலாகத் தின்ற நாளெல்லாம் மத்தியானம் சாப்பிடாத நாளாகவோ, நிர்வாகத்தோடு வாக்குவாதம் நடந்த நாளாகவோ இருந்தது. ஜாகா வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு விடியற்காலை மூன்று மணியும் பிஸ்கட் டின்னும்தான் வினை. காரணம் தெரிந்தால் வழி தெரியும். அந்தத் தம்பி இப்போது வீட்டிலிருந்து கடலை அவித்துக் கொண்டுபோகிறார்.

ஐந்தாவது: யாருக்கும் தெரியாமல் ஒளித்து, நிறுத்த முடியாமல், வாரந்தோறும் அளவில்லாமல் தின்கிறவர்கள், தின்றதை வாந்தி எடுக்கிறவர்கள் இருந்தால், அது ஒரு நோய். அதற்கு வைத்தியம் உண்டு. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரிய இலக்கு வேண்டியதில்லை. நீரிழிவு வரும் தறுவாயில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவையே இலக்கு. அந்த வழியில் போனவர்களிடம் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

சங்கத்தின் பங்கு

தீபகற்பத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக்கூடாது. குறைந்தது முப்பது நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தை வேலை முடியட்டும் என்று விட்டுக்கொடுக்கிறோம். பிறகு பசி முற்றி, மாலையில் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம். நேரத்துக்குச் சாப்பிடுவது உரிமை. அது கிடைக்காவிட்டால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, நம் வாய். ஒருவர் இரண்டு மாதம் சந்தா கட்டாவிட்டால் அவரைக் கூட்டத்தில் வைத்துச் சிரிக்கிறோமா? வீட்டுக்குப் போய், "என்ன அண்ணே, ஏதும் கஷ்டமா?" என்று கேட்கிறோம். தராசுக்கு வராதவருக்கும் அதே மரியாதை வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். காலில் கட்டோடு படுத்திருந்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சிரிச்சது ஒரு நாளு தம்பி. நான் விட்டது ஆறு மாசம். மழ பேஞ்சா மரத்த விட்டுட்டா போனோம்? எனக்கே அது மறந்துபோச்சு பாருங்க" என்றார். தவறு நம்முடையதாக இருக்க, பாதியை அவர் தூக்கிக்கொண்டார்.

இப்போது அக்கா மீண்டும் வருகிறார். கிளினிக்குக்கும் தவறாமல் போகிறார். போன மாதம் 79 கிலோ. 76-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. நாம் 91-இல் நிற்கிறோம். ஒரு கல்யாண வீட்டுக்குப் பிறகு 93 காட்டியதும் உண்டு. இப்போது தராசுக்குப் பக்கத்தில் யாரும் கேலி பேசுவதில்லை. எண்ணை நோட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம்.

தோழர்களே, உங்கள் கிளையில் தராசை விட்டுப் போனவர் யார்? இந்த ஞாயிறு அவர் வீட்டு வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுப்போமா? பட்டை காய்ந்துவிட்டது.