பதினேழு வளைவும் ஒரு பதிலும்

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன்னே ஜீப் கிளம்பும். அதில் ஏறவே பயப்படும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, "இப்பவே உசுரு போயிரும்" என்று தோன்றுகிறது. இசிஜி எடுத்தால் ஒரு கோளாறும் இல்லை. இதைப் பீதித் தாக்குதல் என்பார்கள். பேச்சு சிகிச்சையால் குணமாகக் கூடியதுதான். ஆனால் வாராவாரம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்?

சுவீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்சன், பெர் கார்ல்பிரிங் போன்ற உளவியலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கொரு வழியை வளர்த்து வருகிறார்கள். இணையத்தில் வாரம் ஒரு பாடம், அதோடு ஒரு பயிற்சி. செய்து பார்த்ததை நோயாளி எழுதி அனுப்புவார். சிகிச்சையாளர் படித்துப் பதில் எழுதுவார். ஒருவருக்கு வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆளைப் பார்ப்பதில்லை, குரலும் கேட்பதில்லை. அப்படியென்றால் அந்தப் பதிலில் எது மருந்தாகிறது?

பியோர்ன் பாக்ஸ்லிங் குழுவினர் இதைத்தான் தோண்டிப் பார்த்தார்கள். ஓயாத கவலையால் அவதிப்பட்ட 44 பேருக்கு மூன்று சிகிச்சையாளர்கள் எழுதிய 490 மின்னஞ்சல்களை வரி வரியாகப் பிரித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பரிவான சொற்கள், பயிற்சியை நினைவூட்டுவது, தன் அனுபவத்தைச் சொல்வது, கெடுவைத் தளர்த்துவது என எட்டு வகைகள் தெரிந்தன. பரிவும் நினைவூட்டலும் பாடங்களை முடிப்பதோடு சேர்ந்து வந்தன. கவலை குறைந்ததோடு சேர்ந்து வந்தது வேறொன்று: நோயாளி செய்த வேலையைக் குறிப்பிட்டுப் பாராட்டுவது. "பரவாயில்லை, மெதுவாகச் செய்யுங்கள்" என்று கெடுவை அடிக்கடி நீட்டிய இடங்களில் பலன் குறைவாக இருந்தது. தடுமாறியவர்களுக்குத்தான் கெடு அதிகம் நீட்டப்பட்டதோ என்னவோ. எது காரணம், எது விளைவு என்று இந்தக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நமக்குப் பழகிய ஆறுதலை இது கொஞ்சம் அசைக்கத்தான் செய்கிறது.

போடி அக்காவுக்கு இப்படி ஒரு பதில் வந்தால்: "புதன்கிழமை மூணாவது வளைவுல இறங்கிரலாம்னு தோணியும் இறங்காம உக்காந்திருந்தேன்னு எழுதியிருக்கீங்க. அது பெரிய காரியம்க்கா. படபடப்பு எத்தனாவது வளைவுல கொறைய ஆரம்பிச்சுச்சு? நாளைக்கு அதை மட்டும் கவனிச்சு எழுதுங்க."

பீதி உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கக்கூடியது. பாதியில் இறங்கிக்கொண்டால், 'இறங்கியதால்தான் பிழைத்தோம்' என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் அந்தப் பாடம் மெல்ல அழியும். அவர் உட்கார்ந்திருந்த அந்த மூன்றாவது வளைவைத்தான் பதில் பிடித்துக்கொள்கிறது.

தமிழில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. "தாங்கள் பயிற்சியை நிறைவு செய்தமைக்கு வாழ்த்துகள்" என்று எழுதினால் அது ஆபீஸ் ஓலை. "பக்குன்னு இருக்கு", "மனசு சரியில்ல" என்று எழுதியவருக்கு 'பதற்றக் கோளாறு' என்று திருப்பி எழுதினால், அவர் சொன்னதை நாம் வாங்கிக்கொள்ளவே இல்லை என்றுதான் படும். அவர் சொல்லையே எடுத்து, 'ங்க' விகுதியோடு திருப்பித் தர வேண்டும். எழுத்து வராதவருக்கு வாட்ஸ்அப் குரல்பதிவு இருக்கிறது. சாயங்காலம் மலையிறங்கி, சமையல் முடித்து, பிள்ளைகள் தூங்கியபின் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் தொலைவழிச் சிகிச்சை முகம் பார்த்தே வளர்ந்தது. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்தால், சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார். மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். 2022 அக்டோபர் 10இல் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான 'டெலி மானஸ்' தொடங்கியபின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். இவற்றோடு எழுத்துவழிச் சிகிச்சையும் நம் வட்டாரப் பேச்சில் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் வரை வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எழுத்து காத்திருக்கும்; பதில் வர ஒருநாள் ஆகலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தவரால் அந்த ஒருநாள் காத்திருக்க முடியாது. அவர் கையில் போனைக் கொடுத்து 14416ஐ அழுத்தச் சொல்லுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.