காய்ச்சலும் பாய்ச்சலும்: குழாயைப் பார்த்து மடை திறப்போம்

தலைமடை வயலில் நீர் வரப்பு வழிந்து ஓடும். கடைமடையில் பயிர் வாடும். ஒரே வாய்க்காலை நம்பியுள்ள ஊர்களில் இது பழகிப்போன காட்சி. மழைக் குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. முறை வந்துவிட்டது என்பதற்காக, ஈரம் காயாத வயலுக்கும் மடை திறக்கிறோம். இன்று விட்டால் மறுமுறை எப்போதோ என்ற அச்சம்தான் அப்படிச் செய்யவைக்கிறது.

நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. கட்டிய நீர் மறைந்து, மண் சற்றுக் காய்ந்த பின் மீண்டும் பாய்ச்சலாம். இதையே காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம். எவ்வளவு காயலாம்? பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதை அறிய எளிய குழாய் ஒன்றைப் பரிந்துரைக்கிறது.

குழாய் பதிக்கும் முறை

30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள பி.வி.சி. குழாய் அல்லது மூங்கில் துண்டு போதும். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிடவும். துளையுள்ள பாதி மண்ணுக்குள்ளும் மறுபாதி மேலேயும் இருக்கும்படி, வரப்புக்கு அருகே சமமான இடத்தில் இறக்கவும். குழாய்க்குள் இருக்கும் மண்ணை எடுத்துவிடவும். வயலில் நீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் புறமும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். இல்லையெனில் துளைகள் அடைத்துள்ளன. எடுத்துச் சுத்தம் செய்து மீண்டும் பதியுங்கள்.

மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை நீர் இறங்கியதும் மடையைத் திறக்கவும். வயலில் 5 செ.மீ. நீர் நின்றதும் அடைக்கவும். நட்ட இரண்டு வாரத்தில் இதைத் தொடங்கலாம். களை மிகுதியாக இருந்தால் இன்னும் சில வாரம் பொறுக்கவும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. நீர் குறையக் கூடாது. இந்த முறையில் விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை நீரை மிச்சப்படுத்தலாம்.

கூட்டாகச் செய்தால்

ஒருவர் மிச்சப்படுத்திய நீர் கடைமடைக்குச் சேர வேண்டுமானால், ஒரே மதகில் பாசனம் பெறுவோர் அனைவரும் கூட வேண்டும். மணற்பாங்கான வயல் விரைவில் காயும். களிமண் வயல் தாங்கும். ஆகவே எல்லாருக்கும் ஒரே தேதி பொருந்தாது. அவரவர் குழாயை அவரவர் பார்த்து, நீர் 15 செ.மீ. அளவை நெருங்கும்போது மட்டும் பக்கத்து வயல்காரருக்குச் சொன்னால் போதும்.

பல இயந்திரங்களை ஒன்றுபோல் இயங்கவைக்கும் பொறியியலாரும் இதே வழியைக் கையாள்கிறார்கள். ஒவ்வொரு இயந்திரமும் நொடிக்கு நொடி செய்தி அனுப்பினால் மின்சாரம் வீணாகும். அதனால், கடைசியாகச் சொன்ன நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வேறுபாடு ஒரு அளவைத் தாண்டினால்தான் அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படிக் குறைவாகப் பேசியும் முழுக் கூட்டமும் ஒரே நிலைக்கு வரும் என்பதை டிமாரோகோனாஸ், ஃபிராசோலி, யோகான்சன் ஆகிய மூவர் 2012-இல் வெளியான கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினர்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, சங்கிலி அறக் கூடாது. யாருடனும் தொடர்பில்லாத இயந்திரம் தனித்தே நிற்கும். கடைமடைக்காரரின் சொல்லும் அடுத்தடுத்த வயல் வழியாகத் தலைமடைக்கு எட்ட வேண்டும். இரண்டாவது, தொடங்கும் அளவும் நிறுத்தும் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரே கோட்டில் ஓடி நிற்கும் மோட்டார், நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று கெட்டுப்போகும். கீழே 15, மேலே 5 என்று இரண்டு அளவு வைத்திருப்பது இதற்கும் உதவும்.

வாய்க்காலில் நீர் வரும் நாள் நிச்சயமில்லாத இடங்களில் குழாயை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். மறுமுறை வருவதற்குள் நீர் 15 செ.மீ.க்குக் கீழே போய்விடும் என்று தெரிந்தால், கிடைக்கும் முறையிலேயே பாய்ச்சிக்கொள்ளுங்கள். கேட்டபோது நீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தலைமடைக்காரர் முன்கூட்டியே மடை திறக்கமாட்டார். ஆகவே முதலில் மதகுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின் தலைமடையில் ஒன்றும் கடைமடையில் ஒன்றுமாகக் குழாய் பதித்து இந்தப் பருவத்திலேயே பாருங்கள்.