கறவை குறைகிறதா? மடியைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா கிராமங்களின் மாட்டுக் கொட்டில்கள் சரியாகக் காய்வதில்லை. சாணமும் கோமியமும் கலந்த ஈரத்தில் மடி பட்டுக் கிடக்கும் கறவை மாட்டுக்கு மடிநோய் எளிதில் தொற்றும். மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். வெளியே தெரியாத மடிநோய்தான் மோசம். பால் வெள்ளையாகவே இருக்கும். கறவை மட்டும் குறைந்துகொண்டே போகும். நாமோ தீனி போதவில்லை என்று புண்ணாக்கைக் கூட்டுவோம்.

இதைக் கண்டுபிடிக்க சி.எம்.டி. சோதனை உண்டு. நான்கு குழித் தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பீச்சி, அதே அளவு கரைசல் ஊற்றிச் சுழற்ற வேண்டும். நோயுள்ள காம்பின் பால் மட்டும் கொழகொழவென்று திரளும். கிருமியை எதிர்க்க மடியில் குவிந்த வெள்ளணுக்கள் உடைவதால் வரும் கொழகொழப்பு அது.

ஊசி போட்டுக் குணமான மாட்டுக்கு மறுபடியும் மடி வீங்குவது ஏன்? ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் மடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையால் தம்மை மூடிக்கொள்ளும். இந்தப் படலமே பயோஃபிலிம். நாள்பட்ட தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் கைக்கு வழுவழுப்பாகப் படுவதும் பயோஃபிலிம்தான். படலத்துக்குள் பல கிருமிகள் வளராமல் முடங்கிக் கிடப்பதால் ஆன்டிபயாடிக் அவற்றிடம் சரியாக எடுபடாது. வீக்கம் வடிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமிகள் மீண்டும் தலைதூக்கும்.

மாற்று வழி தேடியதில் தஞ்சாவூருக்கும் பங்குண்டு. கால்நடை மருத்துவப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி இங்கிருந்து பரப்பிய மூலிகை முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரிந்துரைக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் விழுது சிவந்து வரும். அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து, கழுவிய மடி முழுவதும் நாளுக்குப் 10 முறை, 5 நாட்கள் பூச வேண்டும். ஆனால் மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால், பூச்சை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

படலம் படிந்த பிறகு போராடுவதைவிட, கிருமியை உள்ளே விடாதிருப்பதே மலிவு. கறந்த பின் காம்புத் துளை மூடிக்கொள்ள அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவரை மாட்டைப் படுக்கவிடாதீர்கள். பீச்சியதும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி எடுத்து, முன்னால் புல்லோ வைக்கோலோ போடுங்கள். தின்கிற மாடு நின்றுகொண்டிருக்கும். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள். மருந்து போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொன்ன கெடு முடியும்வரை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.