கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீர்கள்!

"நெட்" நின்றுவிட்டால் எதை முதலில் பார்ப்பது?

கடைசி நாள். இரவு 11.59-க்குள் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். மணி எட்டு.

மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பெயரை அடித்தான். போட்டோவை ஏற்றினான். அடுத்த பக்கம் வரவில்லை. திரையிலே ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது!

"நெட் வரவில்லையே!" என்று அலறுகிறான். அப்பா ஓடி வந்து கம்ப்யூட்டர் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

வடலூரானாலும் சரி, பக்கத்து நெய்வேலியானாலும் சரி, பல வீடுகளில் நடக்கிற கூத்து இது. பாவம், கம்ப்யூட்டர்! பல சமயம் அதன்மேல் குற்றமே இருக்காது.

வாய்க்கால் எங்கே அடைத்தது?

வீராணம் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்கு வருகிறது. வயல் காய்ந்தால் வயலையா அடிப்போம்? வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்றுதானே பார்ப்போம்?

இண்டர்நெட்டும் அப்படித்தான். கம்பெனி நிலையத்திலிருந்து கேபிள் வழியாக உங்கள் வீட்டுக்கு வருகிறது. வீட்டிலே "ரவுட்டர்" என்ற சிறு பெட்டி அதை வாங்கி, கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. உங்கள் செல்போனில் சிம் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறக்கவே கூடாது! அணைக்காவிட்டால் போன் சத்தம் போடாமல் சிம் டேட்டாவை எடுத்துக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும். பிறகு வீட்டு வைபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

போனில் வருகிறதா? அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டரில். போனிலும் வரவில்லையா? கோளாறு ரவுட்டரில், அல்லது அதற்கும் வெளியே.

"வைபை முழுக் கோடு காட்டுகிறதே!" என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கோடு ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவைத்தான் காட்டும். வெளியே கேபிள் அறுந்து கிடந்தாலும் கோடு நிறைய இருக்கும்.

சிவப்பு விளக்கு

அடுத்து ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஒன்றுமே எரியவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை. அடாப்டரை ஆட்டிப் பாருங்கள். வீடு பெருக்கும்போது கழன்றிருக்கும்!

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் "எல்.ஓ.எஸ்." என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் என்பது முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள்ளே ஒளிதான் ஓடுகிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மடங்கினாலே ஒளி நின்றுவிடும். மடிப்பை நேராக்கியும் சிவப்பு மாறாவிட்டால், லைன்மேன்தான் வரவேண்டும்.

சிவப்பு இல்லையானால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி போடுங்கள். அதுவும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். மாதக்கணக்கில் ஓடினால் திணறும். ஆனால் பின்பக்கத்துச் சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்தாதீர்கள். உள்ளே உள்ள அமைப்பெல்லாம் அழிந்துபோகும்.

தேதி தப்பினால்?

கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்றால், "ஏரோப்ளேன் மோட்" தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா, கேபிள் "டக்" என்று சத்தம் வரும்படி செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் ஒரு வேடிக்கை நடக்கும். தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். பாங்கு, அரசாங்கத் தளங்களுக்கெல்லாம் அடையாளச் சீட்டு உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அது செல்லும் என்று குறித்திருக்கும். கம்ப்யூட்டரின் தேதி தப்பானால் "இந்தச் சீட்டு செல்லாது" என்று கதவைச் சாத்திவிடும். தேதியைத் திருத்தினால் போதும். அணைத்தவுடன் மறுபடியும் தப்பினால், உள்ளே இருக்கும் காசு அளவு பாட்டரி தீர்ந்திருக்கிறது. மாற்றிவிடுங்கள்.

சரி, அந்தப் பையன் என்ன செய்வது? செல்போனில் "ஹாட்ஸ்பாட்" போட்டு, கம்ப்யூட்டரை அதனோடு இணைத்து விண்ணப்பத்தை அனுப்பட்டும். ரிப்பேர் நாளைக்கு ஆகட்டும்!

புயலும் கப்பலும்

நம் கையில் இல்லாத கோளாறுகளும் உண்டு. சாலை ஓரம் பொக்லைன் தோண்டினால் கேபிள் போய்விடும். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நெய்வேலியில் மின்சாரம் தயாராகிறது. சுற்றுப்புறத்துக் கிராமங்களிலோ நாள்கணக்கில் இருட்டு! அன்று ரவுட்டரைத் தட்டி என்ன பயன்?

2008 ஜனவரியில் எகிப்து நாட்டு அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவில் இண்டர்நெட் ஆமை வேகத்தில் ஊர்ந்தது.

உஷார்!

நெட் வராத கோபத்தில் செல்போனில் தேடி, அகப்பட்ட "கஸ்டமர் கேர்" எண்ணைக் கூப்பிடாதீர்கள். அங்கேதான் மோசடிக்காரன் காத்திருக்கிறான். "இந்த ஆப்பைப் போடுங்கள், நானே சரிசெய்கிறேன்" என்பான். போட்டால் உங்கள் திரை முழுவதும் அவனுக்குத் தெரியும். "பத்தே ரூபாய் கட்டுங்கள்" என்பான். பாங்குக் கணக்கே காலியாகிவிடும்!

கம்பெனியின் எண் உங்கள் பில்லில் இருக்கிறது. அதையே ரவுட்டர் மேல் எழுதி ஒட்டுங்கள். நெட் இல்லாத நாளில்தானே அது தேவை! ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் பாங்கிலேயே நிறுத்திவைக்க வழி உண்டு.